ஓடைக் கரை வீண் நிலம் அன்று

ஓடைக் கரையில் புல்லும் புதரும் மண்டிய நிலத்தைத் தரிசு என்று எண்ணி, ஏர் ஓட்டி இரண்டு சால் கூட்டிக்கொள்ளும் வழக்கம் சில ஊர்களில் உண்டு. அந்த இரண்டு சால் விளைச்சலைவிட, அதனால் நேரும் இழப்பே பெரிது என்பதை நாம் உணர்தல் வேண்டும்.

மழைநீர் வயலின் மேல்மண்ணையும் எருவையும் அரித்துக்கொண்டு ஓடையை நோக்கி விரைகிறது. கரையில் புல் அடர்ந்திருப்பின் நீரின் வேகம் தணிந்து, வண்டல் அங்கேயே தங்குகிறது. நொச்சி, புங்கு, நீர்மருது ஆகியவற்றின் வேர்கள் கரையை இறுகப் பிடிக்கின்றன. இவற்றை அழித்தால் கரை சரிந்து பட்டா நிலமும் அறுபடும்; கீழேயுள்ள ஏரியும் தூர்ந்துபோகும்.

1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி, பிறர் உரிமை நிலைநாட்டப்படாத ஓடைகள் அரசின் சொத்தாகும். அங்கே அனுமதியின்றிப் பயிரிட்டோரை முன்னறிவிப்புக் கொடுத்து வெளியேற்றவும், பயிரைப் பறிமுதல் செய்யவும் வட்டாட்சியருக்கு அதிகாரம் உண்டு.

ஆனால் இச்சட்டம் காப்பது புறம்போக்கு எல்லை வரையே. அதற்கு அப்பால், பட்டா நிலத்தின் ஓரத்தில் சில அடியேனும் உழாது விடுவது ஊரார் மனமொத்துச் செய்ய வேண்டிய காரியம்.

ஆகவே பஞ்சாயத்து உறுப்பினர்கள் 'அ' பதிவேட்டையும் புலப்படத்தையும் பார்த்து, ஓடையின் எல்லையை அளந்து கல் நடச் செய்வார்களாக. கிராம சபையில் இதனைத் தீர்மானமாகவும் கொண்டுவரலாம். விவசாயிகள் கரையில் வெட்டிவேர் நடலாம். கரைப் புல்லை அறுத்து மாட்டுக்கு இடுவதில் தவறில்லை. வேரோடு பறித்தல் மட்டும் கூடாது.