பனிக்கு முன்னே என்ன, பனிக்குப் பின்னே என்ன?
வீட்டுத்தோட்டத்துக்கு ஒரு நாட்கணக்கு

தைப்பொங்கல் நெருங்கும் நேரத்தில், லயத்துக்குப் பின்னால் காய்த்து நின்ற போஞ்சி ஒரே இரவில் கருகிப் போவதை நுவரெலியா, கந்தப்பளை, அம்பேவெல பக்கத்துக் குடும்பங்கள் நன்றாக அறியும். அதே பனியில் தேயிலைக் கொழுந்தும் கருகும். வேலை நாள் குறையும். கையில் காசு குறைகிற மாதத்தில் சட்டிக்கு மரக்கறியும் இல்லை என்றால் என்ன செய்வது? ஆகவே இம்முறை உறைபனியை முன்கூட்டியே கணக்கில் எடுத்துத் தோட்டம் போடுவதைப் பற்றிப் பேசுவோம்.

முதலில் ஊர்காவற்றுறைப் பக்கம் ஒரு பார்வை. ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, நயினாதீவு எல்லாம் கடல் மட்டத்தை ஒட்டிய இடங்கள். அங்கே உறைபனி கிடையாது. ஆனால் அந்தத் தீவு மக்களுக்கும் ஒரு கெடுநாள் உண்டு. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்கிற மழைத் தண்ணீர், நிலத்துக்கு அடியில் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கும். மழை நின்று வெயில் ஏறிய பின், அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கிணறு உவராகிவிடும். ஆகவே கிணறு உவராகும் முன் பயிர் முடிய வேண்டும் என்று நாளைப் பின்னோக்கி எண்ணித்தான் விதை போட வேண்டும். நாமும் அதே கணக்கைத்தான் போட வேண்டும். அவர்களுக்கு உப்பு, நமக்குப் பனி.

உறைபனி எப்படி வருகிறது?

1,000 மீற்றர் மேலே ஏறினால் சுமார் 6 பாகை குளிர் கூடும். நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேல் இருக்கிறது. மேகம் பூமிக்குப் போர்வை மாதிரி. மேகமும் காற்றும் இல்லாத இரவில் நிலத்தின் சூடெல்லாம் வானத்துக்குப் போய்விடும். குளிர்ந்த காற்று கனமானது; தண்ணீர் மாதிரி சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் மேல் லயத்துத் தோட்டம் தப்பிக்க, ஓடைக்கரைத் தோட்டம் வெள்ளை வெளேரென்று கிடக்கிறது. இலைக்குள் இருக்கும் நீர் உறைந்து இலை கெட்டுவிடும். வெயில் வந்ததும் கறுத்துத் தொங்கும்.

நாளை எப்படி எண்ணுவது?

நம்ம பக்கத்தில் டிசம்பர் நடுவிலிருந்து பெப்ரவரி கடைசி வரை பயப்பட வேண்டிய காலம். ஜனவரியும் பெப்ரவரியும்தான் கடுமை.

போஞ்சி, உருளைக்கிழங்கு, தக்காளி, கறிமிளகாய், பூசணி இவை பனி தாங்காது. போஞ்சி காய்க்க ஏறக்குறைய 60 நாள், பறித்து முடிக்க இன்னும் ஒரு மாதம். அப்படியென்றால் செப்டம்பர் நடுவுக்குள் விதை மண்ணுக்குள் போக வேண்டும். கிழங்குக்கு மூன்று, மூன்றரை மாதம். ஆகஸ்ட் கடைசிக்குள் நட வேண்டும்.

கோவா, லீக்ஸ், கரட், பீட்ரூட், முள்ளங்கி இவை இலேசான பனியைத் தாங்கும். ஆனால் இளம் நாற்று எதுவானாலும் பாவம்தான். நவம்பருக்குள் வேர் பிடிக்கும்படி நட்டுவிடுங்கள். பனி மாதத்தில் வீட்டைக் காப்பாற்றப் போவது இவைதான்.

தக்காளி நாற்றை ஜனவரி கடைசியில் தாழ்வாரத்தில் பெட்டியில் போட்டு, மார்ச் முதல் வாரத்தில் வெளியே நடலாம். “சிவராத்திரியோடு பனி போய்விடும்” என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதை மட்டும் நம்பி நட வேண்டாம். சிவராத்திரி 2024இல் மார்ச் 8, 2026இல் பெப்ரவரி 15. மூன்று வாரம் முன்னே பின்னே போகும். பனி அதைப் பார்த்து நடப்பதில்லை.

பனி விழும் இரவில்

அந்தியில் வானம் தெளிவாக, காற்று அசையாமல், கூதல் ஏறினால் உஷாராகுங்கள். பகலிலேயே பாத்திக்குத் தண்ணீர் விடுங்கள். ஈரமண் பகல் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். குச்சி ஊன்றி, இலையில் படாமல் சாக்குப் போட்டு மூடுங்கள். வெயில் வந்ததும் எடுத்துவிடுங்கள். மூட முடியாத பாத்தியில், வெள்ளன எழும்பி, சூரியன் படும் முன் தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவிவிடுங்கள். டிசம்பரில் யூரியாவை அள்ளிப் போட வேண்டாம்; அதில் வருகிற இளந்தளிர்தான் முதலில் கருகும்.

கடைசியாக ஒன்று. மேலே சொன்ன தேதிகள் பொதுவானவை. பள்ளத்து லயத்துக்கும் மேட்டு லயத்துக்கும் ஒரே நாள் பொருந்தாது. வீட்டுச் சுவரில் தொங்குகிற கலண்டரில், புல் வெளுத்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கோடு போடுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் அந்த வேலையைக் கொடுக்கலாம். வருசம் முடிந்ததும் அந்தக் கலண்டரை எறிந்துவிடாதீர்கள். மூன்று, நான்கு வருசத்துக் கோடுகளைச் சேர்த்துப் பார்த்தால், உங்கள் வாசலில் பனி எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்று ஓரளவு தெரிந்துவிடும். அடுத்த போஞ்சி விதையை அதைப் பார்த்துப் போடுங்கள்.