கல்லூரியில் ஒரு புதுச் சங்கம்

கல்லூரி திறந்ததும் புதுச் சங்கங்கள் முளைப்பது வழக்கம். தலைவர், காரியதரிசி தேர்தல் தடபுடலாக நடைபெறும். ஆரம்ப விழாவில் மாலைகள் குவியும். தை பிறப்பதற்குள் சங்கம் இருந்த சுவடே தெரியாது.

1848-ஆம் ஆண்டில் பம்பாய் எல்பின்ஸ்டன் கலாசாலையின் மாணாக்கரும் இளம் ஆசிரியர்களும் இலக்கிய விஞ்ஞானச் சங்கம் ஒன்றை நிறுவினார்கள். கட்டுரைகள் படித்தார்கள், விவாதித்தார்கள். பெண் கல்வியைப் பற்றியும் பேச்சு எழுந்தது. கைதட்டிக் கலைந்து போகவில்லை அவர்கள். மறு வருஷமே பெண் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடங்கள் திறந்தார்கள். பெண் படித்தால் குடி கெடும் என்று ஊரார் அஞ்சிய காலம் அது. பெற்றோரிடம் மன்றாடிக் குழந்தைகளைச் சேர்த்து, காலை வேளையில் சம்பளமின்றித் தாமே பாடம் சொன்னார்கள். அவர்களுள் ஒருவரான தாதாபாய் நௌரோஜி பின்னர் 1886, 1893, 1906-ஆம் ஆண்டுகளில் காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை வகித்தார்.

ஆகவே, சங்கம் காண விழையும் இளைஞர்களுக்கு நாம் கூறுவது இதுவே: பெயர்ப் பலகை எழுதுமுன், வாரந்தோறும் செய்யத்தக்க சிறு பணி ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். அதை அடுத்த ஆண்டு ஏற்று நடத்த, கீழ் வகுப்பு மாணாக்கர் இருவரையேனும் இப்போதே பழக்குங்கள். பெற்றோர்களும், படிப்புக் கெடுமென்று அவர்களைத் தடுக்க வேண்டாம். பிறருக்குக் கற்பிப்பவன் தானும் நன்றாகக் கற்கிறான். பணி உள்ளவரைதான் சங்கத்துக்கு உயிர்.