வென்ற அணியின் காவலரா, சிறந்த காவலரா?

வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில் ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்தில் லீக் சுற்று ஆட்டங்கள் முடிவடையும்போது ஒரு விவாதம் சூடுபிடிக்கும். அந்தப் பருவத்தின் தலைசிறந்த கோல் காப்பாளர் யார், அவருக்கென வழங்கப்படும் வெசினா கோப்பை யாருக்குச் சேர வேண்டும் என்பதே அது. பனித்தளத்தில் ஆடப்படும் அந்த விளையாட்டைத் தொலைக்காட்சியில் மட்டுமே பார்த்தவன் நான். ஆயினும் அந்த விவாதம் என்னை ஈர்ப்பதற்குக் காரணம் உண்டு. பலர் கூடிச் செய்த வேலையின் பயனில் ஒருவருடைய பங்கு எவ்வளவு என்று பிரித்தறிவது, நான் நெடுங்காலம் கற்பித்த பொருளியலின் தீராத கேள்விகளுள் ஒன்று. அக்கேள்விக்கு 2003-04 பருவத்து வெசினா போட்டியைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை.

ஐஸ் ஹாக்கியில் ஓர் அணியில் கோல் காப்பாளரையும் சேர்த்து ஆறு பேர் ஒரே நேரத்தில் களத்தில் இருப்பார்கள். ஆட்டம் 60 நிமிடம். பந்துக்குப் பதிலாகக் கடினமான ரப்பர் வட்டு. ஆறடி அகலமும் நான்கடி உயரமும் கொண்ட கோல் வாயை நோக்கி அது மணிக்கு 150 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் வருவதுண்டு. ஓர் ஆட்டத்தில் 25 முதல் 35 முறை வரை அப்படி வரும் வட்டைத் தடுத்து நிறுத்துவதே காப்பாளரின் பணி. வந்த அடிகளில் எத்தனை விழுக்காட்டைத் தடுத்தார் என்பதைத் தடுப்பு விகிதம் என்று கொள்வோம். நூற்றுக்கு 91, 92 என்ற அளவில் இவ்விகிதம் நிற்கும். பார்ப்பதற்கு அற்பமாகத் தோன்றும் ஒரு விழுக்காட்டு வேறுபாடு, ஒரு பருவம் முழுவதும் சேரும்போது இருபது கோல்களுக்கு மேல் ஆகிவிடும்.

கோப்பைக்குப் பெயர் தந்த ஜார்ஜ் வெசினா, மாண்ட்ரியல் கனேடியன்ஸ் அணியின் காப்பாளர். 1910 முதல் ஓர் ஆட்டத்தையும் தவறவிடாமல் ஆடியவர். 1925 நவம்பரில் காய்ச்சலுடன் களமிறங்கி, ஆட்டத்தின் நடுவிலேயே வெளியேறினார். காசநோய் என்று தெரிய வந்தது. அடுத்த ஆண்டு மார்ச் மாதத்தில், 39ஆவது வயதில் மறைந்தார். அவர் நினைவாக அணியின் உரிமையாளர்கள் வழங்கிய கோப்பை இது.

தொடக்கத்தில் இக்கோப்பைக்கு விவாதமே தேவைப்படவில்லை. பருவம் முழுவதிலும் மிகக் குறைவான கோல்களை விட்டுக்கொடுத்த அணியின் காப்பாளருக்கு அது தானாகச் சென்றது. எண்ணினால் போதும், எடைபோட வேண்டியதில்லை. ஆனால் அந்த விதி அளந்தது காப்பாளரின் திறனையா, அவருக்கு முன்னால் நின்ற அணியின் திறனையா? எதிரணியை நெருங்க விடாத தடுப்பாட்டக்காரர்கள் அமைந்துவிட்டால், நடுத்தரமான காப்பாளர்கூடக் குறைந்த கோல்களையே விட்டுக்கொடுப்பார். இந்தக் குறை உணரப்பட்டதால் 1981-82 பருவத்திலிருந்து முறை மாறியது. குறைந்த கோல் கணக்குக்கு வில்லியம் ஜென்னிங்ஸ் பெயரில் தனிக் கோப்பை ஏற்பட்டது. வெசினா கோப்பையை அணிகளின் பொது மேலாளர்கள் வாக்களித்துத் தீர்மானிப்பது என்றாயிற்று. அணியின் பயனையும் தனிமனிதர் திறனையும் பிரித்துப் பார்ப்பதே மாற்றத்தின் நோக்கம். அந்த நோக்கம் நிறைவேறியதா என்பதே என் ஐயம்.

2003-04 பருவத்தின் இறுதிப் பட்டியலில் மூவர் இருந்தனர். நியூ ஜெர்சி டெவில்ஸ் அணியின் மார்ட்டின் ப்ரோடூர் 75 ஆட்டங்களில் ஆடி 38 வெற்றிகளைப் பெற்றார். அவற்றுள் 11 ஆட்டங்களில் எதிரணிக்கு ஒரு கோல்கூடக் கிடைக்கவில்லை. ஃபுளோரிடா பாந்தர்ஸ் அணியின் ராபர்ட்டோ லுவோங்கோ 72 ஆட்டங்களில் 25 வெற்றிகளே பெற்றார், 33 தோல்விகள். மூன்றாமவர் ஃபின்லாந்துக்காரரான மீக்கா கிப்ருசாஃப். பருவம் தொடங்கிய பிறகு சான் ஹோசே அணியிடமிருந்து கால்கரி ஃபிளேம்ஸ் அணிக்கு வந்து சேர்ந்தவர். 38 ஆட்டங்களே ஆடினார். ஆனால் 60 நிமிடத்துக்கு 1.69 கோல் என்ற வியக்கத்தக்க சராசரியை எட்டினார்.

பொது மேலாளர்கள் ப்ரோடூரைத் தேர்ந்தெடுத்தார்கள். வெற்றிகளைப் பார்த்தாலும், 60 நிமிடத்துக்கு விட்டுக்கொடுத்த கோல்களைப் பார்த்தாலும் அவர் லுவோங்கோவைவிட மேலானவராகவே தோன்றுவார். அவருடைய சராசரி 2.03, லுவோங்கோவுடையது 2.43. ஆனால் இவ்விரண்டு அளவுகளும் பழைய விதியின் குறையையே சுமந்து நிற்பவை. வெற்றி பெற வேண்டுமானால் சக வீரர்கள் கோல் அடிக்க வேண்டும். அது காப்பாளர் கையில் இல்லை. கோல் சராசரி குறைய வேண்டுமானால் கோலை நோக்கி வரும் அடிகள் குறைய வேண்டும். அதுவும் பெரும்பாலும் அவர் கையில் இல்லை.

அடிகளின் கணக்கைப் பார்ப்போம். ப்ரோடூர் எதிர்கொண்டவை 1,845. லுவோங்கோ எதிர்கொண்டவை 2,475. அதாவது ஆட்டத்துக்கு ஒருவருக்கு 25, மற்றவருக்கு 34. லுவோங்கோ அவற்றுள் 2,303 அடிகளைத் தடுத்தார். ஒரே பருவத்தில் அத்தனை அடிகளை அதுவரை எவரும் தடுத்ததில்லை. அவருடைய தடுப்பு விகிதம் 93.1 விழுக்காடு; ப்ரோடூருடையது 91.7. அந்தப் பருவத்தில் லீக் முழுவதற்குமான சராசரி 91.1 விழுக்காடு.

பொருளியலில் இத்தகைய இடத்தில் ஒரு கேள்வி கேட்பது வழக்கம். இவர் இல்லாமல் ஒரு சராசரி ஆள் அங்கே நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கணக்கு எளிது. லுவோங்கோ சந்தித்த அடிகளை ஒரு சராசரிக் காப்பாளர் சந்தித்திருந்தால் ஏறத்தாழ 220 கோல்கள் விழுந்திருக்கும். விழுந்தவை 172. அவர் அணிக்கு மிச்சப்படுத்தியவை 48. இதே முறையில் கணக்கிட்டால் ப்ரோடூர் மிச்சப்படுத்தியவை 10, கிப்ருசாஃப் 21. ஓர் அடிக்கு இவ்வளவு என்று பார்த்தால் கிப்ருசாஃப் சற்றே முந்துகிறார். ஆனால் பாதிப் பருவம் ஆடியவரின் உயர்ந்த சராசரியும் முழுப் பருவம் சுமந்தவரின் மொத்தப் பங்களிப்பும் ஒன்றல்ல. பருவத்தின் சிறந்தவர் என்ற சொல்லில் பருவம் என்பதற்கும் எடை உண்டு.

ப்ரோடூர் தரப்பில் வலுவான வாதங்கள் இல்லாமல் இல்லை. முதலாவது, நியூ ஜெர்சியின் தலைவரும் தடுப்பாட்டத்தின் தூணுமான ஸ்காட் ஸ்டீவன்ஸ் காயம் காரணமாக அப்பருவத்தில் 38 ஆட்டங்களே ஆடினார். அப்படியிருந்தும் அணி தளரவில்லை. இரண்டாவது வாதம் இன்னும் நுட்பமானது. ப்ரோடூர் வட்டைத் தடுப்பவர் மட்டுமல்லர். கோலைவிட்டு வெளியே வந்து, மட்டையால் வட்டைக் கையாண்டு சக வீரருக்கு அனுப்புவதில் இணையற்றவர். இதனால் எதிரணியின் பல தாக்குதல்கள் அடியாக மாறும் முன்பே அழிந்தன. நடக்காத அடிக்குத் தடுப்பு விகிதத்தில் இடமில்லை. அவருடைய இத்திறன் எவ்வளவு பெரியது என்பதற்குச் சான்று, 2005-06 பருவத்தில் லீக் கொண்டுவந்த விதி. கோல் கோட்டுக்குப் பின்னால் குறிப்பிட்ட பகுதிக்கு வெளியே காப்பாளர் வட்டைக் கையாளக் கூடாது என்று அது தடுத்தது. ரசிகர்கள் அதை ப்ரோடூர் விதி என்றே அழைத்தார்கள்.

இந்த வாதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் மதிப்பதோடு நில்லாமல் அதையும் அளந்து பார்க்க வேண்டும். இருவருக்கும் இடையிலுள்ள வேறுபாடு 38 கோல்கள். இதை மட்டை வேலையால் மட்டுமே ஈடுகட்ட வேண்டுமானால், சராசரிக் கணக்கின்படி ப்ரோடூர் பருவம் முழுவதும் ஏறத்தாழ 430 அடிகளை நடக்கவிடாமல் செய்திருக்க வேண்டும். ஆட்டத்துக்கு ஏறத்தாழ ஆறு. டெவில்ஸ் அணியின் புகழ்பெற்ற கட்டுக்கோப்பான தடுப்பாட்டத்துக்கு எதையும் ஒதுக்காமல் அத்தனையையும் காப்பாளர் ஒருவர் கணக்கிலேயே எழுதினால்தான் இது பொருந்தும். அவர் ஒன்றிரண்டு அடிகளைத் தவிர்த்தார் என்றால் நம்பலாம். ஆறு என்பது மிகை.

அடிகள் எல்லாம் ஒரே தரத்தன அல்ல என்பது மற்றொரு மறுப்பு. உண்மைதான். தொலைவிலிருந்து வரும் அடியும் கோல் வாயிலில் நின்று அடிக்கும் அடியும் ஒன்றல்ல. தொலைவு, கோணம், அடியின் வகை ஆகியவற்றைக் கொண்டு ஒவ்வோர் அடியும் கோலாவதற்குள்ள வாய்ப்பை மதிப்பிடும் முறைகள் இன்று வளர்ந்திருக்கின்றன. அன்று பொது மேலாளர்கள் கையில் அவை இல்லை. ஆனால் வலுவற்ற ஓர் அணியின் காப்பாளருக்கு எளிய அடிகளே வந்தன என்று கொள்ள எந்தக் காரணமும் இல்லை. தன் காப்பாளரை ஆட்டத்துக்கு 34 அடிகளுக்கு ஆளாக்கிய ஓர் அணி, ஆபத்தான இடங்களை மட்டும் கவனமாக அடைத்து வைத்திருந்தது என்பது நம்பக்கூடியதா?

எனவே 2004ஆம் ஆண்டின் வெசினா கோப்பை லுவோங்கோவுக்கே உரியது என்பது என் முடிவு. ப்ரோடூரின் பெருமையை இது குறைக்காது. 691 வெற்றிகளுடன் அவர் லீக் வரலாற்றில் முதலிடத்தில் இருக்கிறார். நான்கு வெசினா கோப்பைகள் பெற்றவர். நல்ல மனிதர்கள் கூடி எடுத்த தீர்ப்பில் எது பிழைத்தது என்பதே கேள்வி. 1972இல் ஆர்மென் ஆல்ச்சியன், ஹரால்ட் டெம்செட்ஸ் என்ற இரு பொருளியலாளர்கள் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், இருவர் சேர்ந்து ஒரு பாரத்தை வண்டியில் ஏற்றுவது பற்றிய எடுத்துக்காட்டு வரும். ஏறிய பாரத்தைப் பார்த்து யார் எவ்வளவு தூக்கினார் என்று சொல்ல இயலாது. சொல்ல இயலாதபோது நம் மனம் என்ன செய்கிறது? பாரம் ஏறிவிட்டால் இருவரையும் பாராட்டுகிறது. ஏறாவிட்டால் இருவரையும் ஒதுக்குகிறது. லுவோங்கோவின் அணி பிளே ஆஃப் சுற்றுக்கே தகுதி பெறவில்லை. தோற்ற அணியில் சிறந்த காப்பாளர் இருக்கக்கூடும் என்பதை ஏற்க நம் மனம் தயங்குகிறது.

விதிவிலக்குகள் உண்டு. செக் நாட்டின் டொமினிக் ஹாஷெக், பஃபலோ சேபர்ஸ் என்னும் நட்சத்திரங்கள் குறைந்த அணியில் ஆடி ஆறு வெசினா கோப்பைகளையும், லீக்கின் மிக மதிப்புமிக்க வீரருக்கான ஹார்ட் கோப்பையை இரு முறையும் வென்றார். ஆனால் அவர் அணி வெற்றியும் பெற்றுக்கொண்டிருந்தது. 2024-25 பருவத்தில் வெசினா, ஹார்ட் இரண்டையும் வென்ற வின்னிபெக் ஜெட்ஸ் அணியின் கானர் ஹெல்பக், 47 வெற்றிகளும் 92.5 விழுக்காட்டுத் தடுப்பு விகிதமும் பெற்றிருந்தார். அவர் அணி லீக் சுற்றில் முதலிடம் பிடித்தது. தனித்திறனும் அணியின் பயனும் ஒரே திசையில் செல்லும்போது தீர்ப்பு எளிது. இரண்டும் பிரியும்போதுதான் தீர்ப்பளிப்போரின் அளவுகோல் வெளிப்படுகிறது.

இது விளையாட்டுக்கு மட்டும் உரிய சிக்கலன்று. தேர்ச்சி விகிதத்தைக் கொண்டு பள்ளிகளை வரிசைப்படுத்தும்போதும், இறப்பு விகிதத்தைக் கொண்டு மருத்துவமனைகளை ஒப்பிடும்போதும் இதே தவற்றைச் செய்கிறோம். கடினமான இடத்தில் நிற்பவர் எத்தனை அடிகளைத் தடுத்தார் என்பதை எண்ணாமல், எத்தனை கோல்களை விட்டார் என்பதை மட்டுமே எண்ணுகிறோம். முதல் தலைமுறை மாணவர்கள் நிரம்பிய வகுப்பில் எழுபது பேரைத் தேர்ச்சி பெறச் செய்த ஆசிரியர், தேர்ந்தெடுத்த மாணவர்களில் தொண்ணூறு பேரைத் தேர்ச்சி பெறச் செய்தவரைவிட அதிகம் செய்திருக்கக்கூடும். அட்டவணை அதைச் சொல்லாது, கேட்டால்தான் சொல்லும்.

லுவோங்கோ 2007இல் வான்கூவர் அணிக்காக 47 வெற்றிகள் பெற்றபோதும் 48 வெற்றிகள் பெற்றிருந்த ப்ரோடூருக்கே கோப்பை சென்றது. வெசினா கோப்பையை ஒரு முறையும் கையில் ஏந்தாமலேயே 2019இல் லுவோங்கோ ஓய்வுபெற்றார். அடுத்த ஆண்டு ஃபுளோரிடா பாந்தர்ஸ் அணி அவருடைய முதலாம் எண் சட்டையை இனி எவருக்கும் வழங்குவதில்லை என்று முடிவு செய்து அரங்கில் உயர்த்தியது. அந்த அணியில் ஆடிய வீரர் ஒருவருக்கு அச்சிறப்பு கிடைத்தது அதுவே முதல் முறை. ஆட்டத்துக்கு 34 அடிகள் வந்தபோது அங்கே நின்றது யார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.