மியான்மர் உள்நாட்டுப் போர்: பக்கத்து நாடுகளின் கணக்கு என்ன? மோரே தமிழர்களுக்கு ஏன் பாதிப்பு?

மணிப்பூரில், மியான்மர் எல்லையை ஒட்டிய ஊர் மோரே. அங்கே தமிழ்ச் சங்கம் இருக்கு, அங்காள பரமேஸ்வரி கோயிலும் இருக்கு. 1962-ல் பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு, சொத்துகளை இழந்து தாயகம் திரும்பியவர்களில் சிலர், மறுபடி தரைவழியாக பர்மா போக முயன்றார்கள். எல்லையில் தடுக்கப்பட்டு மோரேயிலேயே தங்கிவிட்டார்கள். எல்லை தாண்டிய வியாபாரம்தான் இந்த ஊருக்குச் சோறு போட்டது.

என்ன நடக்கிறது?

2021 பிப்ரவரி 1-ல் ஆங் சான் சூகி கட்சியின் அரசை ராணுவம் கவிழ்த்தது. 2023 அக்டோபர் 27-ல் மூன்று ஆயுதக் குழுக்கள் சேர்ந்து தாக்குதலைத் தொடங்கின. எல்லைப் பகுதிகள் பல ராணுவத்தின் கையை விட்டுப் போயின.

யாருக்கு என்ன வேண்டும்?

சீனா: ராக்கைன் மாநிலத்தின் க்யாவ்க்ப்யூ கடற்கரையிலிருந்து யுனான் மாகாணத்துக்கு எண்ணெய், எரிவாயுக் குழாய்கள் போகின்றன. அவற்றைக் காக்க ராணுவத்தோடும் பேசுகிறது, ஆயுதக் குழுக்களோடும் பேசுகிறது. 2024-ல் கிளர்ச்சியாளர்கள் பிடித்த லாஷியோ நகரம், 2025-ல் சீனாவின் தலையீட்டால் ராணுவத்திடம் திரும்பியது.

இந்தியா: சித்வே துறைமுகம் வழியாக மிசோரமுக்குப் போகும் கலாதான் திட்டம்தான் முக்கியம். ஆனா அந்தப் பாதையில் உள்ள பலேத்வா, 2024 ஜனவரியில் அரக்கான் ஆர்மி வசம் போய்விட்டது.

வங்கதேசம்: 10 லட்சத்துக்கும் அதிகமான ரோஹிங்யா அகதிகளைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

தாய்லாந்து: மியான்மர் எரிவாயு வேண்டும், அகதிகள் வரக் கூடாது.

எதில் ஒற்றுமை, எதில் போட்டி?

எல்லை அமைதியாக இருக்கணும், போதைப்பொருளும் ஆன்லைன் மோசடிக் கும்பலும் ஒழியணும் என்பதில் நாலு பேருக்கும் ஒரே கருத்து. துறைமுகம், பாதை, கனிமம் என்று வந்தால் இந்தியாவும் சீனாவும் எதிரெதிர். அதனால், ஒவ்வொரு நாடும் தன் எல்லைக் கதவை யார் வைத்திருக்கிறார்களோ அவர்களோடு தனியாகப் பேசிக்கொள்கிறது. போரை நிறுத்த எல்லோரும் சேர்ந்து அழுத்தம் கொடுப்பது நடக்கவில்லை.

நமக்கென்ன?

வேலை என்று நம்பிப் போய், மியான்மரின் மியாவடி மோசடி முகாம்களில் சிக்கிய தமிழ்நாட்டு இளைஞர்கள் 2022-ல் மீட்கப்பட்டார்கள். மோரேயிலோ, 2023-ல் வெடித்த மணிப்பூர் கலவரமும் சேர்ந்துகொண்டது. எல்லைவாசிகள் விசா இல்லாமல் 16 கி.மீ. வரை போய்வரும் ஏற்பாட்டை ரத்து செய்வதாக 2024 பிப்ரவரியில் மத்திய அரசு அறிவித்தது. 1960-களில் எல்லை மூடியதால் அங்கே தங்கியவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகளுக்கு அதே கதவு மறுபடியும் இறுகுகிறது.