பாலியல், இனப்பெருக்க நலக் கல்வியில் நலமேம்பாட்டுத் திறன்கள்: திருச்சிராப்பள்ளி – உறையூர்ப் பகுதியை முன்வைத்துச் சொல் தேர்வு குறித்த விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

பாலியல், இனப்பெருக்க நலக் கல்வி பெரும்பாலும் தகவல் வழங்கலாகவே புரிந்துகொள்ளப்படுகிறது. நலமேம்பாடு என்னும் துறையோ, பெற்ற தகவலை வாழ்வில் பயன்படுத்தும் ஆற்றலையே இலக்காகக் கொள்கிறது. ஆற்றலளித்தல், இடைநின்று இணக்குதல், பரிந்து பேசுதல் ஆகிய மூன்று திறன்கள் இக்கல்வியில் செயற்படும் முறையைத் திருச்சிராப்பள்ளி மாநகரையும் அதன் பழம்பகுதியாகிய உறையூரையும் களமாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. கூச்சமின்றி ஒலிக்கத்தக்க சொல் இல்லாத இடத்தில் இம்மூன்றும் தொடங்க இயலா. ஆதலின் சொல் தேர்வே இத்துறையின் முதல் திறன் என்பது இதன் கருத்து.

திறவுச் சொற்கள்: நலமேம்பாடு, வளரிளம் பருவம், மாதவிடாய், சொல் தேர்வு, ஆற்றுப்படுத்தல், உறையூர்.

1. முன்னுரை

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் எட்டாம் வகுப்பு அறிவியல் வளரிளம் பருவமடைதலையும், பத்தாம் வகுப்பு அறிவியல் தாவர, விலங்கு இனப்பெருக்கத்தையும் கற்பிக்கின்றன. ஆகவே தகவல் அறவே இல்லை எனக் கூறவியலாது. எனினும் தன் உடலில் நிகழும் மாற்றத்தைத் தாயிடமோ, ஆசிரியரிடமோ, மருத்துவரிடமோ எடுத்துரைக்கும் நிலை வரும்போது மாணவர் பலர் வாயடைத்து நிற்கின்றனர். தேர்வில் எழுதத் தெரிந்த சொல், தேவையின்போது வாயில் வருவதில்லை. இவ்விடைவெளியே இக்கட்டுரையின் பொருள்.

2. நலமேம்பாடும் அதன் மூன்று திறன்களும்

1986 நவம்பர் 21 அன்று கனடாவின் ஒட்டாவா நகரில் நிறைவேறிய சாசனம், மக்கள் தம் நலத்தின்மீது தாமே கட்டுப்பாடு கொள்ளவும் அதனை மேம்படுத்தவும் இயலச் செய்வதே நலமேம்பாடு என வரையறுத்தது. ஆற்றலளித்தல், இடைநின்று இணக்குதல், பரிந்து பேசுதல் ஆகியவற்றை அதன் அடிப்படை வழிமுறைகளாகவும் கூறியது. தன்னையறிதல், பிறர் உணர்வறிதல், முடிவெடுத்தல், ஆய்ந்து சிந்தித்தல், கருத்துப் பரிமாறல் முதலிய பத்து வாழ்க்கைத் திறன்களை உலகச் சுகாதார நிறுவனம் பின்னர் தொகுத்தளித்தது.

இந்தியாவில் 2014 சனவரியில் தொடங்கப்பட்ட தேசிய வளரிளம் பருவ நலத் திட்டம் 10 முதல் 19 வயது வரையிலானோரை நோக்கியது. ஊட்டச்சத்து, மனநலம் முதலியவற்றோடு பாலியல், இனப்பெருக்க நலத்தையும் அது தன் ஆறு பொருள்களுள் ஒன்றாகக் கொண்டது. சகவயதினரே கல்வியாளராகும் முறையையும் ஏற்றது. 2020 பிப்ரவரியில் தொடங்கிய பள்ளி நலத் திட்டம், பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களை நலத் தூதுவர்களாக்க வழி செய்தது. கொள்கையளவில் சட்டகம் உள்ளது. அதனை நிறைக்கும் மொழியே வேண்டற்பாலது.

3. சொற்கள் சுமக்கும் பொருள்

பேச்சுத் தமிழில் மாதவிடாய் ‘தூரம்', ‘தீட்டு', ‘வீட்டு விலக்கு' என வழங்குகிறது. இவை மூன்றும் உடலின் செயலைக் குறிப்பதில்லை. பெண்ணை நிறுத்திவைக்கும் இடத்தையே குறிக்கின்றன. எழுத்துத் தமிழிலுள்ள ‘மாதவிலக்கு' என்பதும் அவ்வகையினதே. ‘மாதவிடாய்' என்பதிலுள்ள விடாய் தாகத்தையும் களைப்பையும் சுட்டும். இரண்டும் ஒருபொருட் சொற்களாகப் பாவிக்கப்படினும் ஒன்றில் விலக்கல் உண்டு, மற்றொன்றில் இல்லை.

இவ்விருமை இலக்கியத்திலும் காணலாகிறது. பொன்முடியாரின் புறநானூற்றுப் பாடல் (299) மாதவிடாய்க் காலத்தில் கலம் தொடாது ஒதுங்கி நிற்கும் மகளிரை உவமையாக்குகிறது. தொல்காப்பியக் கற்பியலோ இதனைப் ‘பூப்பு' என்றே சுட்டி, அதன்பின் வரும் பன்னிரு நாளில் தலைவன் தலைவியைப் பிரிந்துறைதல் கூடாது என்கிறது. உரையாசிரியர்கள் இதனைக் கருத்தரிக்கும் காலத்தோடு இயைத்துக் காண்பர். விலக்கலின் மொழியும் உடலியலின் மொழியும் தமிழில் அருகருகே வாழ்ந்துள்ளன. கல்வியாளர் புதுச்சொல் படைக்க வேண்டியதில்லை. இருப்பவற்றுள் எதனை வகுப்பறைக்கு எடுத்துச் செல்வது என்று தேர்ந்தால் போதும்.

‘பாலியல்' என்னும் சொல்லின் நிலை வேறு. பால் என்பது இலக்கணத்தில் பகுப்பையும் ஆண்பால், பெண்பால் முதலிய வகைமையையும் சுட்டும். திருக்குறளின் மூன்றாம் பகுதிக்கும் காமத்துப்பால் என்றே பெயர். இன்றைய நாளிதழ் வழக்கிலோ இச்சொல் பெரிதும் தொல்லை, வன்கொடுமை, குற்றம் என்பவற்றோடு சேர்ந்தே வருகிறது. இதனால் ‘பாலியல் கல்வி' எனக் கேட்ட அளவிலே பெற்றோர் அஞ்சுகின்றனர். 2005இல் நடுவணரசு ‘வளரிளம் பருவக் கல்வி' என்னும் பெயரில் திட்டம் கொணர்ந்தபோதும் 2007இல் மாநிலங்கள் சில அதனை எதிர்த்து நிறுத்தின. பெயரை மென்மையாக்கியது மட்டும் பயன் தரவில்லை. பெற்றோரிடம் பரிந்து பேசும் பணி முன்கூட்டியே நிகழ்ந்திருக்க வேண்டும் என்பதே அதன் படிப்பினை.

சொல் எவர் கையில் அதிகாரத்தைத் தருகிறது என்பதும் எண்ணத்தக்கது. பெரியார் தம் நூலுக்கு இட்ட ‘கர்ப்ப ஆட்சி' என்னும் பெயர், கருப்பையின்மீது ஆட்சி பெண்ணுக்குரியது என்பதை முன்வைத்தது. அரசு வழக்கில் நிலைத்த ‘குடும்பக் கட்டுப்பாடு' கட்டுப்படுத்துவோர் வேறு எவரோ என்னும் தொனியைத் தந்தது. நெருக்கடி நிலைக்குப்பின் 1977இல் நடுவணரசு அதனைக் ‘குடும்ப நலம்' என மாற்ற நேர்ந்ததும் இங்கு நினைக்கத்தக்கது.

4. ஆற்றலளித்தல்: திருச்சிராப்பள்ளி காட்டும் சான்று

அறிவு செயலாவதற்குச் சூழல் வேண்டும். மாதவிடாய் நலம் பற்றி எவ்வளவு கற்பிப்பினும் தாழிடத்தக்க கதவும், தண்ணீரும், பயன்படுத்திய துணியை அகற்ற இடமும் இல்லாத பள்ளியில் அக்கல்வி வீணாகும். திருச்சிராப்பள்ளியில் 1987 முதல் இயங்கிவரும் கிராமாலயா என்னும் தொண்டு நிறுவனம் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. நகரின் குடிசைப் பகுதிகளில் சமுதாயக் கழிப்பிடங்களை மகளிர் குழுக்களே நடத்தும் முறையை அது வளர்த்தது. கல்மந்தைப் பகுதி 2002இல் திறந்தவெளி மலங்கழித்தல் இல்லாப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. இந்நிறுவனர் சா. தாமோதரனுக்கு 2022இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இங்கு நோக்கத்தக்கது கட்டடம் மட்டுமன்று. கழிப்பிடத்தின் கணக்கையும் பராமரிப்பையும் மகளிர் ஏற்றபோது, வெளியில் பேசலாகாது எனப்பட்ட பொருள் குழுக் கூட்டத்தின் பேசுபொருளாயிற்று. ‘தூரம்' என்னும் சொல்லால் மறைக்கப்பட்டது, தண்ணீர், சோப்பு, துணி, குப்பைத்தொட்டி என்னும் நடைமுறைச் சொற்களாக மாறியது. இதுவே ஆற்றலளித்தல்.

தமிழ்நாடு அரசு 2012இல் ‘புதுயுகம்' என்னும் பெயரில் கிராமப்புற வளரிளம் பெண்களுக்கு விலையில்லா அணையாடை வழங்கத் தொடங்கியது. ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி இம்மாநிலத்தில் 15–24 வயதுப் பெண்களுள் ஏறத்தாழ 98 விழுக்காட்டினர் தூய்மையான முறையைப் பயன்படுத்துகின்றனர். பொருள் சென்று சேர்ந்துவிட்டது. ஆயினும் அணையாடையைச் செய்தித்தாளில் சுற்றி, கருப்புப் பையில் இட்டுத் தரும் கடைவழக்கம் மாறவில்லை. பொருள் வழங்கல் முடியும் இடத்தில் மொழியின் பணி தொடங்குகிறது.

5. இடைநின்று இணக்குதல்: உறையூர்ச் சூழல்

உறையூர் சோழர் தலைநகர். கைத்தறிக்குப் பெயர்பெற்ற ஊர். வெக்காளியம்மன் கோயில், பஞ்சவர்ணசுவாமி கோயில், கமலவல்லி நாச்சியார் கோயில் ஆகியவற்றைக் கொண்டது. காவிரிக்கு அப்பால் திருவரங்கம். இத்தகைய கோயில் நகரத்தில் மாதவிடாய் நாள் என்பது முதலில் ‘கோயிலுக்குப் போகக்கூடாத நாள்' என்றே ஒரு சிறுமிக்கு அறிமுகமாகிறது. கல்வியாளர் இதனை மூடநம்பிக்கை எனக் கண்டித்துத் தொடங்கினால் குடும்பம் கதவடைத்துக்கொள்ளும். கண்டும் காணாதது போல் விட்டால் ‘அழுக்கு' என்னும் எண்ணம் சிறுமியின் மனத்தில் நிலைத்துவிடும்.

இடைநிற்போர் செய்யத்தக்கது இரண்டையும் பிரித்துக் காட்டுதலே. வழிபாட்டு ஒழுக்கம் குடும்பத்தின் முடிவுக்குரியது. ஆனால் வெளியேறுவது கருப்பையின் உட்சவ்வும் குருதியுமே என்பதும், அது நஞ்சன்று என்பதும், அந்நாளில் குளிக்கலாம், உண்ணலாம், பள்ளி செல்லலாம் என்பதும் மருத்துவ உண்மைகள். முன்னதில் வாதிடாமல் பின்னதில் விட்டுக்கொடாமல் நிற்பதே இத்திறன். மஞ்சள் நீராட்டு விழாவையும் இவ்வாறே அணுகலாம்: உறவினர் கூடும் அந்நாளில் தாய்க்கும் அத்தைக்கும் சொல்லப்படும் இரண்டு செய்திகள், ஓராண்டு வகுப்பினும் பயன்தரக் கூடும்.

ஆண்பிள்ளைகள் இக்கல்வியில் பெரிதும் மறக்கப்படுகின்றனர். கனவில் விந்து வெளியேறுதல் இயல்பு எனப் பள்ளி சொல்லாதபோது, விடுதிகளில் முகாமிட்டு ‘நரம்புத் தளர்ச்சி', ‘ஆண்மைக் குறைவு' போக்குவதாக விளம்பரம் செய்வோர் அச்சிறுவனுக்குச் சொல் தருகின்றனர், கூடவே நோயையும் தருகின்றனர். வெற்றிடம் வெற்றிடமாக இருப்பதில்லை.

6. ஆற்றுப்படுத்தல்: பெயரும் முன்மாதிரியும்

இந்தியாவில் எச்ஐவி தொற்று 1986இல் சென்னையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. பின்னர் தமிழ்நாட்டில் ஆலோசனை, பரிசோதனை நிலையங்கள் ‘நம்பிக்கை மையம்' எனப் பெயர்பெற்றன. நோயின் பெயரின்றி நாடுவோரின் தேவையைக் குறிப்பதால், ஒருவர் அதன் வாயிலில் நிற்பதன் தயக்கம் குறைகிறது. இதற்கு மாறாக ‘புள்ளிராஜா' விளம்பரம், வாய்திறவா ஒரு பொருளைத் தேநீர்க்கடைப் பேச்சாக்கியது, எனினும் அது தொற்றைக் குறிப்பிட்ட ஒருவகை ஆணின் செய்தியாகவும் நகைப்பாகவும் சுருக்கும் இடர் உடையது. பேசவைத்தலும் தன்னைப் பற்றிப் பேசவைத்தலும் ஒன்றல்ல.

ஆலோசகரை ‘ஆற்றுப்படுத்துநர்' என வழங்குவது பொருத்தமானது. பரிசில் பெற்று மீளும் கலைஞன் எதிர்ப்படும் மற்றொரு கலைஞனுக்கு வழி கூறுவதே ஆற்றுப்படை. உறையூர்ச் சோழன் கரிகாலனைப் பாடிய பொருநராற்றுப்படையில் வழிகூறுவோனும் கேட்போனும் ஒரே தொழிலினர். கூறுவோன் தான் சென்று வந்த வழியையே கூறுகிறான். சகவயதினர் கல்வி இயங்குவதும் இவ்வடிப்படையிலேயே. அறிவுரை கூறும் மேலோரன்று, வழியறிந்த தோழரே நம்பப்படுகின்றனர்.

7. சட்டமும் நம்பகமும்

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், 2012, பதினெட்டு வயதுக்குட்பட்டோரைக் காக்கிறது. குற்றம் பற்றி அறிந்தோர் அதனைத் தெரிவிக்கவும் கடமைப்படுத்துகிறது. தன் உறுப்பின் பெயரை அறியாத குழந்தை நடந்ததைக் கூறவியலாது; ‘அங்கே' என்னும் சுட்டு விசாரணையில் போதாது. ஆகவே உறுப்புப் பெயர் கற்பித்தல் ஒழுக்கக்கேடன்று, பாதுகாப்பே. தெரிவிக்கும் கடமை இருத்தலின், ‘எவரிடமும் சொல்லமாட்டேன்' என ஆசிரியர் வாக்களித்தல் கூடாது, ‘உன் பாதுகாப்புக்குத் தேவையானவரிடம் மட்டும் சொல்வேன்' என்பதே நேர்மை. கருக்கலைப்பு நாடும் சிறார், அவர்தம் பாதுகாவலர் ஆகியோரின் வேண்டுகோளின்பேரில், மருத்துவர் அச்சிறாரின் அடையாளத்தைத் தெரிவிக்க வேண்டியதில்லை என உச்சநீதிமன்றம் 2022 செப்டம்பர் 29இல் விளக்கியது. 2024 செப்டம்பர் 23இல் வழங்கிய தீர்ப்பில் அந்நீதிமன்றம், குழந்தைகளைக் காட்டும் ‘ஆபாசப் படம்' என்னும் வழக்கை விலக்கி, அது சுரண்டலின், வன்கொடுமையின் பதிவு எனக் கூறுமாறு பணித்தது. சொல் மாறினால் குற்றத்தின் முகம் தெளிவாகும் என்பதற்கு இது சான்று.

8. வகுப்பறைப் பயன்பாடு

மேற்கூறியவற்றை ஒரு பாடவேளையில் பின்வருமாறு நிகழ்த்தலாம். முதலில் பெயரிடாத கேள்விப் பெட்டியில் மாணவர் தாம் அறிந்த சொற்களையும் ஐயங்களையும் எழுதி இடுவர். ஆசிரியர் அவற்றை நகையாமல் வாசித்து, வீட்டுச் சொல்லுக்கு அருகே பாடநூற் சொல்லை எழுதி, இரண்டும் சுமக்கும் பொருளை விளக்குவார். அடுத்து ஒத்திகை: மாதவிடாய் வலியை வகுப்பாசிரியரிடம் கூறல், மருத்துவரிடம் ஐயம் கேட்டல், விரும்பாத தொடுகையை மறுத்தல் ஆகியவற்றை மாணவர் நடித்துப் பழகுவர். வாயால் ஒருமுறை சொன்ன சொல் மறுமுறை எளிதாகும். இறுதியில் குழந்தைகள் உதவி எண் 1098, மருத்துவ ஆலோசனை எண் 104, அரசு மருத்துவமனை நம்பிக்கை மையம் ஆகியவை கரும்பலகையில் எழுதப்பெறும். இவ்வேளைக்கு முன்னரே பெற்றோரைக் கூட்டிச் சொற்பட்டியலைக் காட்டுதல் பரிந்து பேசுதலின் பகுதியாகும்.

9. முடிவுரை

நலமேம்பாட்டுத் திறன்கள் மூன்றும் பேச்சின் வழியே செயற்படுவன. சொல்லின்றி ஆற்றல் பிறவாது. சொல் பிழைப்பின் இணக்கம் கூடாது. சொல்லை அஞ்சுவோர் பிறர்க்காகப் பரிந்து பேசல் இயலாது. திருச்சிராப்பள்ளியின் மகளிர் குழுக்கள், நம்பிக்கை மையம் என்னும் பெயர், ஆற்றுப்படை மரபு ஆகியவை இதற்குரிய வளங்கள் தமிழிலேயே உள்ளமையைக் காட்டுகின்றன. மருத்துவத் துறையும் தமிழ்த் துறையும் இணைந்து, வயதுக்கேற்ற, விலக்கல் சுமக்காத சொற்பட்டியல் ஒன்றை உருவாக்கி ஆசிரியர் பயிற்சியில் சேர்ப்பது உடனடித் தேவை. மருத்துவச் செய்தி அனைத்தும் அணியமாக உள்ளது. அதனை ஒரு சிறுமியோ சிறுவனோ தயங்காமல் உரைக்கும் மொழியை வழங்குவது தமிழாய்வாளர் கடன்.