மேஸ்திரியும் புதுப் பையனும்

கோலார் தங்கவயல் கர்நாடக மாநிலத்தில் இருக்கிறது. ஆனால் அங்கே தெருவில் நடந்தால் தமிழ்தான் காதில் விழும். ஏன் தெரியுமா? நூறு ஆண்டுகளுக்கு முன்பே வட ஆற்காடு, சேலம் பக்கத்து ஏழை மக்கள் அங்கே பிழைக்கப் போனார்கள். பூமிக்கு அடியில் இறங்கித் தங்கம் வெட்டினார்கள்.

1880இல் ஜான் டெய்லர் என்ற வெள்ளைக்காரக் கம்பெனி அங்கே வேலையைத் தொடங்கியது. 1956இல் சுரங்கம் அரசாங்கத்தின் கைக்கு வந்தது. 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டது. மொத்தம் 120 ஆண்டுகள். பல வீடுகளில் தாத்தா சுரங்கத்தில் இறங்கினார். பிறகு அப்பா இறங்கினார். பிறகு மகன் இறங்கினான். இருபது வயதுக்காரரும் ஐம்பது வயதுக்காரரும் ஒரே ‘கேஜில்’ போனார்கள். கேஜ் என்றால் ஆட்களை இறக்கும் இரும்புக் கூண்டு.

எவ்வளவு ஆழம் போனார்கள்? சாம்பியன் ரீப் சுரங்கத்தின் ஆழம் 3 கிலோமீட்டருக்கும் அதிகம். தரையில் அது அரை மணி நேர நடை. அவ்வளவு தூரம் பூமிக்குள்! அடியில் பாறையின் சூடு 60 டிகிரிக்கு மேல். தொட்டால் சுடும்.

சூட்டை விடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. தொழிலாளர்கள் அதை ‘ஏர்பிளாஸ்ட்’ என்றார்கள். மேலே மலை போல் கல் இருக்கிறது. கீழே கல்லை வெட்டி எடுக்கிறோம். மேலே உள்ள பாரத்தை மீதிக் கல்தான் தாங்க வேண்டும். ஒரு நேரத்தில் அதனால் தாங்க முடியாது. பட்டென்று வெடித்துச் சிதறும். மேலே ஊரில் உள்ள வீடுகளும் அதிரும்.

இப்படிப்பட்ட இடத்தில் புதுப் பையன் எப்படி வேலை கற்றுக்கொள்வான்?

சட்டம் இருக்கிறது. 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் சிறுவர்களைச் சுரங்க வேலையில் வைக்கக் கூடாது என்றது. புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று 1966இல் விதிகள் வந்தன. இவை நல்லவை, தேவையானவை. ஆனால் விதிப் புத்தகம் காதுக்குப் பழக்கம் தராது. காதுக்கு என்ன வேலை என்கிறீர்களா?

சுரங்க வேலையில் ஒரு வழக்கம் உண்டு. வேலை தொடங்கும் முன் தலைக்கு மேல் உள்ள பாறையை இரும்புக் கம்பியால் தட்டிப் பார்ப்பார்கள். கல் கெட்டியாக இருந்தால் ‘கணீர்’ என்று கேட்கும். தளர்ந்திருந்தால் ‘டொப்’ என்று, காலிப் பானையைத் தட்டினது போலக் கேட்கும். மண்பானை வாங்கும்போது நாமும் இப்படித்தானே தட்டிப் பார்க்கிறோம்? பானை உடைந்தால் காசு போகும். அங்கே உயிர் போகும். இந்தச் சத்த வித்தியாசம் பழகியவருக்குத்தான் தெரியும்.

ஒரு மேஸ்திரி, ஒரு புதுப் பையன் என்று வைத்துக்கொள்வோம். மேஸ்திரி சொல்கிறார்: “டேய், அந்தப் பக்கம் போகாதே.” அவ்வளவுதான். ஏன் என்று சொல்லவில்லை. பையனும் கேட்கவில்லை. கேட்டால் ‘எதிர்த்துப் பேசறியா?’ என்பாரோ என்று பயம். மறுநாள் மேஸ்திரி லீவு. அன்றைக்கு எந்தப் பக்கம் போகக் கூடாது என்று பையனுக்கு எப்படித் தெரியும்?

அதையே மேஸ்திரி இப்படிச் சொல்லலாம்: “அந்தப் பக்கம் போகாதே தம்பி. மேலே கல்லு தளர்ந்திருக்கு. இந்தா கம்பி. நீயே தட்டிப் பாரு. சத்தம் கேட்டியா?” இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. பையனுக்கு ஆயுள் முழுவதும் உதவும்.

சிறியவர் வாய் மூடி இருப்பதுபோலப் பெரியவரும் வாய் மூடி இருப்பது உண்டு. பலகையில் புது அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். பெரியவருக்குப் படிக்கத் தெரியாது. கேட்க வெட்கம். “நேத்து மாதிரிதான் இருக்கும்” என்று உள்ளே போய்விடுகிறார். வெடி வைக்கும் நேரத்தை மாற்றியிருந்தால்? படித்த பையன் பக்கத்தில் நின்றும் பயன் இல்லை.

நல்ல பையன் என்ன செய்வான்? “மாமா, இன்னிக்கு வெடி நேரத்தை மாத்திட்டாங்களாம். மூணு மணிக்கு வைக்கிறாங்க” என்று பேச்சோடு பேச்சாகச் சொல்வான். நாலு பேர் நடுவில் “உங்களுக்குப் படிக்கத் தெரியாதா?” என்று கேட்க மாட்டான். எழுத்தறியாமல் வாழ்ந்த நமக்கு அந்தக் கேள்வியின் வலி தெரியும்.

பெரியவர் சொல்வதெல்லாம் சரியா? அதுவும் இல்லை. பாறையில் துளை போடும்போது கல் தூள் பறக்கும். அது நுரையீரலில் படியும். மூச்சு வாங்கும். இது சிலிக்கோசிஸ் என்ற நோய். படிந்த தூளை எந்த மருந்தாலும் வெளியே எடுக்க முடியாது. தண்ணீர் விட்டுக்கொண்டே துளை போட்டால் தூள் அடங்கும். “நாங்க அந்தக் காலத்தில் தண்ணி இல்லாமலே போட்டோம்” என்பார் ஒரு பெரியவர். உண்மைதான், போட்டார்கள். அப்படிப் போட்டவர்கள் பலர் இருமி இருமியே செத்தார்கள். இந்த இடத்தில் பெரியவர் சிறியவர் பேச்சைக் கேட்க வேண்டும். அவமானம் ஒன்றும் இல்லை.

ஏர்பிளாஸ்ட்டையும் பாருங்கள். கம்பியால் தட்டினால் தளர்ந்த கல் தெரியும். ஏர்பிளாஸ்ட் வருவது தெரியாது. 1978இல் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் உதவியோடு தங்கவயலில் கருவிகள் வைத்தார்கள். கல்லுக்குள் எழும் சின்ன அதிர்வையும் அவை பதிவு செய்தன. ஆனால் கருவி வந்ததால் கம்பிக்கு வேலை போய்விடவில்லை. தலைக்கு மேலே உள்ள கல்லைத் தட்டித்தான் பார்க்க வேண்டும்.

சுரங்கம் மூடிய பிறகு தங்கவயல் மக்கள் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். போகவே சுமார் 100 கிலோமீட்டர். மாரிக்குப்பம் ஸ்டேஷனில் விடியும் முன்பே கூட்டம் ஏறுகிறது. அங்கே நிலைமை தலைகீழ். மகன் வயதில் உள்ளவர் சூப்பர்வைசர். அப்பா வயதில் உள்ளவர் வாட்ச்மேன். அவரைத் ‘தம்பி’ என்று கூப்பிடுவதா, ‘சார்’ என்பதா? வேலை இடத்தில் ‘சார்’ என்றால் குறைந்துவிட மாட்டோம் என்பது என் எண்ணம். சூப்பர்வைசரும் “நீ, வா, போ” என்று பேசக் கூடாது. தவறு இருந்தால் தனியே கூப்பிட்டுச் சொல்லலாம். புது வேலை கொடுக்கும்போது, “இதை நீங்க எப்படிச் செய்வீங்க அண்ணே?” என்று முதலில் கேட்கலாம். பாதி சண்டை அங்கேயே தீரும்.

இப்போது பல இடங்களில் வந்ததையும் போனதையும் செல்போனில் பதிய வேண்டும். பெரியவர்கள் போனைச் சின்னப் பையனிடம் நீட்டிவிடுகிறார்கள். அவனும் ‘டக் டக்’ என்று தட்டிக் கொடுத்துவிடுகிறான். அவன் வராத நாளில் சம்பளம் வெட்டு. அதற்குப் பதிலாக இப்படிக் கேட்டுப் பாருங்கள்: “தம்பி, ஒரு தடவை மெதுவாக் காட்டு. அப்புறம் நான் அழுத்தறேன். நீ பாரு.”

மேஸ்திரி பையன் கையில் கம்பியைக் கொடுத்தாரே, அதே பாடம்தான். இந்த முறை கம்பி பையன் கையில் இருக்கிறது.