செயற்கைக்கோள் படத்தில் உளவு பலூனைக் கண்டுபிடிப்பது எப்படி?

2023 ஜனவரி 28 அன்று அலாஸ்கா வான்வெளிக்குள் ஒரு சீன பலூன் நுழைந்தது. கனடா வழியாக வந்து அமெரிக்காவைக் குறுக்கே கடந்த அதை, பிப்ரவரி 4 அன்று தென் கரோலினா கடற்கரைக்கு அப்பால் எஃப்-22 போர் விமானம் சுட்டு வீழ்த்தியது. பலூனின் உயரம் சுமார் 60 மீட்டர். அது பறந்ததோ தரையிலிருந்து 18 முதல் 20 கிலோமீட்டர் உயரத்தில், பயணிகள் விமானங்களுக்கும் வெகு மேலே.

பிளானட் லேப்ஸ் நிறுவனத்தின் சிறு செயற்கைக்கோள்கள் உலகின் நிலப்பரப்பை ஏறக்குறைய தினமும் படமெடுக்கின்றன. அவற்றின் படத்தில் ஒரு பிக்சல் என்பது தரையில் மூன்று, நான்கு மீட்டர். அப்படியானால் 60 மீட்டர் பலூன் அதில் பதிந்தே இருக்கும். ஆனால் மேகமும் பனியும் வெள்ளைக் கூரைகளும் நிறைந்த படக் குவியலில் ஒரு வெள்ளைப் பொட்டை எப்படித் தேடுவது?

இங்கேதான் கேமராவின் ஒரு குணம் கைகொடுக்கிறது. இத்தகைய செயற்கைக்கோள்கள் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய நிறங்களை ஒரே கணத்தில் பதிவு செய்வதில்லை. ஒன்றன்பின் ஒன்றாக, மிகச் சிறிய இடைவெளியில் எடுத்து, தரையோடு பொருந்தும்படி அடுக்கிச் சேர்க்கின்றன. அந்த இடைவெளியில் செயற்கைக்கோள் சில கிலோமீட்டர் நகர்ந்துவிடும். ஓடும் ரயிலின் ஜன்னலில் தூரத்து மலை நிற்க, பக்கத்து மரம் மட்டும் பின்னால் ஓடுகிறதல்லவா? அதுபோல உயரத்தில் இருக்கும் பொருள் தரையைவிட வேறுபட்டு நகர்ந்து தெரியும். எனவே வெள்ளை பலூன் படத்தில் வெள்ளையாக இருக்காது. சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று வட்டங்களாகப் பிரிந்து வரிசையில் கிடக்கும்.

எவ்வளவு பிரியும்? ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோளை எடுத்துக்கொள்வோம். அது 786 கிலோமீட்டர் உயரத்தில் நொடிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. நீலத்துக்கும் சிவப்புக்கும் இடையே ஏறத்தாழ ஒரு நொடி இடைவெளி. 20 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள பலூன் அந்த ஒரு நொடியில் கிட்டத்தட்ட 200 மீட்டர் விலகித் தெரியும். காற்று அதை உண்மையில் தள்ளியிருக்கும் தூரமோ பெரும்பாலும் சில பத்து மீட்டர்தான்.

இந்த விகிதமே அடையாளம். பயணிகள் விமானமும் நிறம் பிரிந்து தெரியும். ஆனால் அது தன் சொந்த வேகத்தில் நொடிக்கு 250 மீட்டர் அளவுக்குப் பறப்பதால், நிறங்கள் அதன் பறக்கும் திசைக்கு இழுபடும். பலூனின் நிறங்கள் செயற்கைக்கோள் போகும் பாதையை ஒட்டியே வரிசையாக நிற்கும். பிரிவின் நீளத்தை அளந்தால் பலூன் பறக்கும் உயரத்தையும் கணக்கிடலாம். மேகங்களும் சற்றே பிரியும், ஆனால் தாழ்வாக இருப்பதால் குறைவாக. அவற்றின் விளிம்பும் ஒழுங்கான வட்டமாக இருக்காது.

நிழலைத் தேடலாமே என்று தோன்றும். தேடிப் பயனில்லை. சூரியன் ஒரு புள்ளியல்ல, அகன்ற வட்டு. பொருளின் அகலத்தைப்போல் சுமார் நூறு மடங்கு தூரத்துக்குத்தான் முழு நிழல் நீளும். 60 மீட்டர் பொருளுக்கு அது ஆறு கிலோமீட்டர் சொச்சம். இருபது கிலோமீட்டர் கடந்து தரையைத் தொடும்போது அந்த நிழல் கண்ணுக்குப் பிடிபடாத மங்கலாகிவிடும்.

சின்தெடிக் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கோரி ஜஸ்கோல்ஸ்கி இந்த நிறப்பிரிவைத்தான் பயன்படுத்தினார். பலூன் எப்படித் தெரியும் என்று யோசித்துக் கையால் ஒரு படம் வரைந்து, அதைச் செயற்கை நுண்ணறிவு மென்பொருளிடம் கொடுத்துத் தேடவிட்டார். பிளானட் படங்களில் பலூன் அகப்பட்டது. காற்றின் போக்கை வைத்து முந்தைய நாள்களில் எங்கே இருந்திருக்கும் என்று கணித்துப் பின்னோக்கித் தேடி, சீனாவின் ஹைனான் தீவுப் பக்கம் வரை தடத்தைத் தொடர்ந்தார். எனக்கு இதில் மென்பொருளைவிட அந்தக் கை ஓவியமே பெரிதாகப் படுகிறது. எதைத் தேட வேண்டும் என்று ஒரு மனிதர் முதலில் புரிந்துகொண்டார்.

ஆனாலும் நிற வட்டங்கள் சொல்வது ஒன்றே: உயரத்தில், மெதுவாக, உருண்டையாக ஏதோ மிதக்கிறது. அது ராணுவத்துடையதா என்பதை அவை சொல்லாது. வானிலை ஆய்வு பலூனும் அப்படித்தான் தெரியும்; சீனாவும் தன்னுடையதை அப்படித்தான் விவரித்தது. கீழே தொங்கிய சாதனச் சட்டமும் சூரியத் தகடுகளும் தெளிவாகத் தெரிந்தது, அமெரிக்காவின் யு-2 உளவு விமானத்தின் விமானி அருகே பறந்து எடுத்த படத்தில். அதே பிப்ரவரியில் அடுத்தடுத்துச் சுட்டு வீழ்த்தப்பட்ட வேறு மூன்று பொருள்கள் தனியார் நிறுவனங்களுடையதாகவோ ஆராய்ச்சிக்குரியதாகவோ இருக்கலாம் என்று அப்போதைய அமெரிக்க அதிபர் பைடனே பிறகு சொன்னார். ஆகவே படத்தில் பலூனைக் கண்டவுடன் ‘உளவு’ என்று எழுதிவிடுவது தவறு.

பழகிப் பார்க்க விரும்பினால், சென்டினல்-2 படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. முதலில் விமானத் தடங்கள் நெருக்கமாக உள்ள ஓரிடத்தை, மேகமில்லாத ஒரு நாளில் பாருங்கள். நீலம், பச்சை, சிவப்பு என்று மூன்றாகச் சிதறிய ஒரு விமானம் கிடைத்தால், ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாகத் திறந்து, அது எந்தத் திசையில் எவ்வளவு விலகுகிறது என்று அளந்து பாருங்கள்.